வற்றும் கண்மாயில் ஆமை, கோடை மழையில் தவளை: வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு பக்கத்து நீர்நிலைகளுக்குப் போய் ஆமையும் தவளையும் பார்ப்பது குறித்துச் சென்ற இரண்டு மாதங்களில் வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சித்திரை பிறந்தால் எங்கள் ஊர்க் கண்மாய் முக்கால்வாசி வறண்டுவிடுகிறது. பள்ளி விடுமுறையோ அப்போதுதான் வருகிறது. ஆமை பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கும் என் இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போனால் எதையாவது காண முடியுமா? (மேலூரிலிருந்து ஒரு தாய்)

பதில்: தாங்கள் குறையாகக் கருதும் வறட்சிதான் ஆமை பார்ப்பவருக்கு வசதி. மார்கழியில் கரை தொட்டுக் கிடக்கும் கண்மாயில் ஓர் ஆமையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதே கண்மாய் சித்திரையில் சுருங்கி, மடைக்கு முன்னுள்ள பள்ளத்திலும் வண்டல் அள்ளிய குழிகளிலும் மட்டும் நீர் நிற்கும்போது, எஞ்சிய மீன், நத்தை, தவளை, ஆமை அனைத்தும் அந்தச் சிறிய இடத்துக்குள் வந்து அடைந்துவிடுகின்றன. ஆகவே முதல் நாள் மாலையிலேயே ஒரு நடை போய், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, காலை வெயில் எந்தப் பக்கமிருந்து விழும், உட்காருவதற்கு எங்கே நிழல் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியற்காலையில் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் சிவகங்கைப் பக்கம் ஒரு சிறு கண்மாயில் நான் கண்டதைச் சொன்னால் எதைத் தேட வேண்டும் என்பது விளங்கும். மடையை ஒட்டி ஒரு களத்துமேட்டின் அளவுக்குக் கலங்கல் நீர் நின்றது. அதைச் சுற்றி ஐந்தாறு மடையான்கள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றன. கருவேல மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் தென்படவில்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது, நீரின் நடுவில் ஈர்க்குச்சியின் நுனி போல ஏதோ விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். பைனாகுலரில் பார்த்தால் அந்த நுனியில் இரண்டு சிறு துளைகள் இருந்தன. சற்றுக் கீழே, நீர்மட்டத்தோடு மட்டமாக, இரண்டு கண்களும் இருந்தன. அது பால் ஆமையின் மூக்கு. மூச்சு இழுத்துக்கொண்டு ஓர் அலைகூட எழுப்பாமல் அமிழ்ந்துபோயிற்று. நான் எண்ணத் தொடங்கினேன். இருநூறைத் தாண்டிய பிறகு, பத்து முழம் தள்ளி மறுபடி அந்தக் குச்சி முளைத்தது. எருமைகளை ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் என்னையும் என் கருவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாடு இறங்குறதுக்கு முந்தியே வந்திருக்கணும் தம்பி, தண்ணி கலங்கிட்டா எது மூக்கு எது குச்சின்னு யாரு கண்டா?" என்றார். அன்று முதல் நான் மாடுகளுக்கு முன்னதாகவே போய்விடுகிறேன்.

ஆமைக்குக் கரையில் வரும் காலடியின் அதிர்வு நன்றாகத் தெரியும். நீரின்மேல் விழும் நிழல் அதைவிட விரைவில் தெரியும். எனவே நீர் விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்து, அரை மணி நேரம் நடமாடாமல் இருப்பதற்குப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். சிறு பிள்ளைகளால் அது முடியுமா என்று கேட்பீர்கள். மூக்கு எத்தனை முறை வெளியே வருகிறது என்று எண்ணி எழுதும் வேலையைக் கொடுத்தால் முடிகிறது என்பது என் அனுபவம். வெயில் ஏறிய பிறகு, எட்டு ஒன்பது மணி வாக்கில், கல் படிக்கட்டுள்ள ஊருணிகளிலும் தெப்பக்குளங்களிலும் கருப்பு ஆமைகள் படியேறி, கழுத்தையும் பின்னங்கால்களையும் நீட்டிப்போட்டு வெயில் காயும். அப்போது அவற்றை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஈரச் சேற்றில் இரண்டு வரிசை நகக்கீறல்களும் அவற்றின் நடுவே வயிறு உரசிய வழுவழுப்பான தடமும் இருந்தால், இரவில் ஓர் ஆமை ஒரு பள்ளத்திலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போயிருக்கிறது என்று அறியலாம். அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்து செல்வதே பிள்ளைகளுக்கு ஒரு காலைப் பொழுதுக்குப் போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வண்டல் அள்ளிய குழிகளின் ஓரம் படிப்படியாக இறங்காமல் செங்குத்தாக இறங்கும். மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும் சேறு அடியில் இடுப்பளவுக்குக் குழைந்து கிடக்கும். ஆமை எவ்வளவு அருகில் தெரிந்தாலும் பிள்ளைகள் கரையைவிட்டு இறங்கக் கூடாது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் மூன்று விதமான ஆமைகளைப் பார்த்தேன். ஒன்றின் கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தது. மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மூன்றும் வெவ்வேறு இனங்கள். அவற்றுள் இரண்டு நம்முடையவை. மூன்றாவது கடல் கடந்து வந்தது.

முதுகு வழுவழுவென்று தோல் போர்த்தியதுபோல் இருந்து, மூக்கு சிறு குழல்போல் நீண்டிருந்தால் அது பால் ஆமை. அடிவயிற்று ஓட்டின் பின்பகுதியில் இரண்டு மடல்கள் இருக்கும். கால்களை உள்ளே இழுத்துக்கொண்டதும் அவை கதவுபோல் மூடிக்கொள்ளும். வேறு எந்த அடையாளமும் தேவையில்லை. நத்தை, தலைப்பிரட்டை, மீன், செத்த உயிர்களின் உடல் என்று அது உண்ணாத பொருள் குறைவு. குளத்தைத் துப்புரவாக வைத்திருப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான். கெட்டியான கரிய ஓடும், அதன்மேல் முன்பின்னாக ஓடும் மூன்று மேடுகளும் இருந்தால் அது கருப்பு ஆமை. படிக்கட்டில் வெயில் காய்வது பெரும்பாலும் இதுவே.

சிவப்புப் பட்டை உள்ளது அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த செங்காது ஆமை. வண்ணமீன் கடைகளில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய குஞ்சாக, பச்சை நிறத்தில் கண்ணைப் பறிக்கும் அழகோடு விற்கப்படுகிறது. வாங்குபவர் சிறு கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார். அது சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளர்ந்து, நாள்தோறும் தண்ணீரை நாறடித்து, இன்னும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கப் போகிறது என்று தெரிந்ததும், புண்ணியம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் கோயில் குளத்தில் விட்டுவிடுகிறார். வெயில் காயும் படியையும் இரையையும் நம் ஆமைகளிடமிருந்து அது பறித்துக்கொள்கிறது. உலகில் மிகுந்த தீங்கு செய்யும் அயல் இனங்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்திருப்பதற்கு அதுவே காரணம். தாங்களே பிடிக்க முயல வேண்டாம். படம் எடுத்துக் கோயில் நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் தெரிவியுங்கள். குளத்தில் பொரி வீசுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கேள்வி: கார்த்திகை மாதத்தில் தூங்கவிடாமல் கத்திய தவளைகள் கோடையில் எங்கே போய்விடுகின்றன? பங்குனி, சித்திரையில் தவளை தேடிப் போவது வீண்தானே? (அம்பாசமுத்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

பதில்: பெரும்பாலானவை தங்கள் வயலைவிட்டு எங்கும் போவதில்லை, தாங்கள் நடக்கும் மண்ணுக்கு அடியில் இருக்கின்றன. மணலுக்குள் மூழ்கி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும் என்னும் பழமொழியைத் தாங்கள் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். பின்னாளில் அதைத் "தவளை தன் வாயால் கெடும்" என்று சுருக்கியபோது நாம் இழந்தது அந்த மணலைத்தான். பழைய வடிவத்தைச் சொன்னவர் தவளைகளுள் ஒரு சில மண்ணில் புதைந்து வாழ்பவை என்பதையும், மழை பெய்ததும் கத்தித் தம்மைக் காட்டிக்கொள்பவை என்பதையும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். வளை தோண்டும் அத்தகைய தவளைகளின் பின்னங்காலில், குதிகால் பக்கத்தில், மண்வெட்டி போன்ற கடினமான புடைப்பு ஒன்று உண்டு. தவளை அதைக் கொண்டு பின்புறமாகத் தோண்டியபடியே திருகித் திருகி இறங்கும். கடைசியில் முகம் மட்டும் மேலே தெரியும், பிறகு அதுவும் மறையும். தோட்டத்தில் கடலைச் செடி பிடுங்கும்போதோ, கிணற்றுமேட்டில் மண் வெட்டும்போதோ, எலுமிச்சம்பழம்போல் உப்பிய ஒரு தவளை வெளியே வந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. உள்ளே கிடக்கும் நாட்களில் அது உண்பதில்லை, அசைவதில்லை. உடலில் சேர்த்த கொழுப்பையும் நீரையும் கொண்டே காலம் தள்ளுகிறது.

மண்ணுக்குள் போகாத தவளைகளும் உண்டு. நீர் எஞ்சியிருக்கும் எந்தப் பள்ளத்தின் ஓரத்திலும், கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய மிதந்துகொண்டிருக்கும் சிறு தவளை கோடையிலும் அங்கேயே இருக்கும். பக்கத்தில் போனால், சிறுவர்கள் ஓட்டாஞ்சில்லை நீரின்மேல் எறிவதுபோல், மேற்பரப்பிலேயே நாலைந்து தாவல் தாவிப் போய் உட்காரும். அப்படித் தாவுவதைக் கொண்டே அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். பகலில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இதைவிட எளிதான தவளை கிடையாது.

ஆனால் இளவேனிலில் தவளைக்கென்றே ஒரு நாள் உண்டு. அதை நாட்காட்டி சொல்லாது, இடி சொல்லும். சித்திரையிலோ வைகாசியிலோ ஒரு பிற்பகலில் புழுக்கம் தாங்காமல், மேற்கே கறுத்து, மாலையில் முக்கால் மணி நேரம் மழை கொட்டித் தீர்த்தால், அன்று இரவு எட்டு மணிக்கு மேல் ஊர்ப்புறத்துச் சாலையோரப் பள்ளங்களுக்குப் போய்ப் பாருங்கள். முந்தின நாள் வரை தூசி பறந்த பள்ளத்தில் முழங்காலளவு செந்நீர் நிற்கும். அதைச் சுற்றி, எங்கிருந்து வந்தன என்று திகைக்கும் வண்ணம் தவளைகள் இருக்கும். கையளவு பெரிய தவளையின் ஆண், நாம் வழக்கமாகக் காணும் பழுப்பு கலந்த பச்சை நிறத்தை விட்டு எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். கழுத்தின் இருபுறமும் நீல நிறப் பைகள் பலூன்போல் உப்பி உப்பி அடங்க, ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டே கத்தும். இந்தத் தவளையின் கால்களுக்காகத்தான் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதி நடந்தது. 1987-இல் அது தடைசெய்யப்பட்டது. அந்த மஞ்சளை ஒரு முறை பார்த்தவர் மறப்பதில்லை. அது ஓரிரு நாட்களில் மங்கிவிடும் என்பதால், மழைக்கு மறுவாரம் போனால் கிடைக்காது.

அந்த இரவில் கண்ணைவிடக் காதையே நம்ப வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் குரல்கள் தனித்தனியே பிரிந்து கேட்கத் தொடங்கும். நீண்டு ஒரே சீராக இழுபடும் "குர்ர்ர்ர்" தேரையுடையது. மரக்கதவில் விரல் முட்டியால் தட்டுவதுபோல் "டக், டக்டக்" என்று மேலிருந்து, மதில்மேலோ வாழைமட்டையிலோ இருந்து வருவது மரத்தவளையுடையது. புல்லுக்குள்ளிருந்து சீப்பின் பற்களை நகத்தால் கீறுவதுபோல் உரக்கக் கேட்கும் ஓசையைத் தேடிப் போனால், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சிறுவாய்த் தவளை உட்கார்ந்திருக்கும். அவ்வளவு சிறிய உடலிலிருந்தா இவ்வளவு பெரிய சத்தம் என்று பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டு, தேதி, நேரம், இடம் மூன்றையும் பேசிப் பதிந்துவிட்டால், மறுநாள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு குரலாக அடையாளம் காணலாம்.

தங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஊதாத் தவளை 2003-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள்ளேயே கறையான் தின்று வாழ்ந்துவிட்டு, தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மழையில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளியே வருகிறது. இது உள்ளூர் உலாவில் பார்க்கக் கிடைப்பதன்று. ஆனால் நுணலைச் சொன்ன பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான தவளை எனக்குத் தெரியாது.

கேள்வி: கோடை மழையில் தேங்கிய குட்டையில் நூற்றுக்கணக்கான தலைப்பிரட்டைகள் இருந்தன. நான்கு நாள் வெயிலில் குட்டை வற்றிக்கொண்டிருக்கிறது. அவற்றை வாளியில் அள்ளி எங்கள் கிணற்றில் விட்டுவிடலாமா? (விருத்தாசலத்திலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி)

பதில்: வேண்டாம், அம்மா. மீன் இல்லாத இடம் என்பதற்காகவே தாய்த் தவளை இத்தகைய குட்டையைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலைதான் குட்டை வற்றிவிடக்கூடும் என்ற ஆபத்து. அடுத்தடுத்து மழை பெய்தால் சில வாரங்களில் குஞ்சுகள் கரையேறிவிடும். பெய்யாவிட்டால் பெரும்பாலானவை மடியும். தமிழ்நாட்டுச் சமவெளிகளில் வடகிழக்குப் பருவமழையே தவளைகளுக்கு முழுமையான பருவம். கோடை மழை சில நேரங்களில் ஏமாற்றிவிடும். கிணற்றில் மீன் இருந்தால் நீ விட்டவை ஒரே நாளில் இரையாகிவிடும். சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் கேட்காது என்பது எனக்கும் தெரியும். தினமும் ஒரு முறை போய், வால் எவ்வளவு நீளம், பின்னங்கால் எப்போது முளைத்தது, கொக்கும் மடையானும் எத்தனை வந்தன என்று எழுதி வை. வற்றும் குட்டை பறவைகளுக்கும் விருந்து என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஏப்ரல் மாதத்தில் சென்னைக் கடற்கரையில் கடலாமை பார்க்க முடியுமா? எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? (ஆவடியிலிருந்து ஒரு தம்பதியர்)

பதில்: நம் மீனவர்கள் இந்த ஆமையைப் பங்குனி ஆமை என்றே அழைப்பதுண்டு, ஆகவே மாதக் கணக்கைப் பெயரே சொல்லிவிடுகிறது. தாய் ஆமைகள் ஜனவரியிலிருந்து இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, ஒரு முறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்புகின்றன. சுமார் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. எனவே ஏப்ரலில் தாயைவிடக் குஞ்சுகளைக் காணும் வாய்ப்பே மிகுதி. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் சென்னையில் இயங்குகிறது. பருவ காலத்தில் அதன் தன்னார்வலர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளைப் பொரிப்பிடத்துக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். வார இறுதி நடைகளில் பொதுமக்களும் அவர்களோடு போகலாம். நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளிலும் வனத்துறையின் பொரிப்பிடங்கள் உள்ளன. குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

நெடுந்தூரம் மணலில் நடப்பதற்கு உடலும் பொறுமையும் வேண்டும். ஒன்றையும் காணாமல் விடியற்காலையில் வீடு திரும்பும் இரவுகளே அதிகம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளை விளக்கு, கைப்பேசி வெளிச்சம், பிளாஷ் எதுவும் கூடாது. குஞ்சு கடலை வெளிச்சத்தைக் கொண்டே அறிகிறது. நட்சத்திர ஒளியில் நீரின் பக்கத்து அடிவானம் சற்றே வெளிறித் தெரிய, அதை நோக்கி ஊர்கிறது. தெருவிளக்கும் கடைவிளக்கும் அதைவிடப் பளிச்சென்று இருந்தால் சாலைப் பக்கம் போய்விடுகிறது. பொரிப்பிடம் என்ற ஏற்பாடே இந்த விளக்குகளாலும் நாய்களாலும் முட்டை திருடுபவர்களாலும் தேவைப்பட்டதுதான். குஞ்சைக் கையில் எடுத்துப் படம் பிடிக்காமல், அது மணலில் தானாக ஊர்ந்து செல்ல வழிவிட்டுப் பின்னால் நிற்க வேண்டும்.

அகநானூற்றில் ஒரு பாட்டு, அடும்புக் கொடி சிதையும்படி மணலைக் குவித்து ஆமை முட்டைகளைப் புதைப்பதையும், குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை காவல் இருப்பதையும் கூறுகிறது. முதல் பாதி அப்படியே உண்மை. அடும்பு இன்றும் நம் கரைகளில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. இரண்டாம் பாதி புலவரின் அன்பு. இந்த ஆமையின் ஆண், குஞ்சாகக் கடலில் இறங்கிய பிறகு கரைக்கு வருவதில்லை. போகிற வழியில் செத்து ஒதுங்கிய பெரிய ஆமைகளைக் காண நேரலாம். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. மூச்சு வாங்க மேலே வர வேண்டிய உயிர் இழுவலையில் சிக்கி நீருக்குள்ளேயே நின்றுவிட்டால் மூழ்கித்தான் இறக்கும். பிள்ளைகளோடு போனால் இதற்கும் பதில் வைத்துக்கொண்டு போங்கள்; அவர்கள் கேட்பார்கள்.

கேள்வி: தேரை மோந்தால் தேங்காய் வெறுமையாகிவிடும், தொட்டால் மரு வரும் என்கிறார்களே? (பொள்ளாச்சியிலிருந்து ஒரு தென்னை விவசாயி)

பதில்: நாற்பது அடி உயரத்திலுள்ள குலையை மோந்து பார்க்கும் ஆற்றல் தேரைக்கு இல்லை. பருப்பு பிடிக்காத காய்க்கு மகரந்தச் சேர்க்கைக் குறையும் சத்துப் பற்றாக்குறையுமே பெரும்பாலும் காரணம். வேளாண் அலுவலரிடம் மண்ணைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். மரு மனிதருக்கு வைரசால் வருகிறது. தேரையின் முதுகிலுள்ள சொரசொரப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் தேரையின் கண்ணுக்குப் பின்னாலுள்ள தடித்த சுரப்பிகளில் நஞ்சு உண்டு. நாய் கவ்வினால் நுரை தள்ளுவது அதனால்தான். பிள்ளைகள் தொட்டுவிட்டால் கண்ணைக் கசக்குவதற்கு முன் கையைக் கழுவச் சொல்லுங்கள். தவளையின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அது தோலாலும் மூச்சுவிடும், நீர் அருந்தும். கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையால் அதைத் தூக்கினால் தீங்கு அதற்குத்தான்.

கேள்வி: புதர்க்காட்டில் ஒரு நட்சத்திர ஆமை கிடைத்தது. வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று உறவினர் சொல்கிறார். (கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எடுத்த இடத்திலேயே இன்றே விட்டுவிடுங்கள். எடுத்த இடம் நினைவில்லை என்றால் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பது குற்றம். கடத்தல் மிகுந்ததால் 2019-இல் அதன் அனைத்துலக வணிகமும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது. அதைக் கண்ட இடத்தின் பெயரோடு படத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். ஆமை பிடிப்பவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

கேள்வி: இரவில் தவளை பார்க்கப் போகும் இடத்தில் பாம்பு இருக்காதா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: இருக்கும். தவளை எங்கே கூடுகிறதோ அங்கே அதைத் தின்பவையும் கூடும். பெரும்பாலும் நஞ்சற்ற தண்ணீர்ப் பாம்பைக் காண்பீர்கள். ஆனால் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் வெளியே வரும் நேரமும் அதுவே. கணுக்கால் மூடிய காலணியும் ஆளுக்கொரு டார்ச்சும் இல்லாமல் போகக் கூடாது. புல்லுக்குள் இறங்காமல், தார்ச் சாலையின் விளிம்பிலேயே நின்று கேட்பது போதும். குரல் சாலைக்கே வரும்.

கேள்வி: ஆமை ஆராய்ச்சியில் ஈடுபட விரும்புகிறேன். பெண்ணாக இருப்பதால் வீட்டில் தயங்குகிறார்கள். (திருச்சியிலிருந்து விலங்கியல் மாணவி)

பதில்: சென்னையைச் சேர்ந்த ஜெ. விஜயாவைப் பற்றி வீட்டாரிடம் சொல்லுங்கள். இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று அறியப்படும் அவர், கல்லூரிப் பருவத்திலேயே சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தவர். 1912-இல் விவரிக்கப்பட்ட பிறகு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் யாருடைய கண்ணிலும் படாதிருந்த பிரம்பு ஆமையை 1982-இல் கேரளக் காட்டில் மீண்டும் கண்டுபிடித்தார். 1987-இல் இளம் வயதிலேயே மறைந்தார். அந்த ஆமையின் பேரினத்துக்கு 2006-இல் விஜயாகெலிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். தாங்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. தங்கள் ஊரின் ஒரே ஒரு குளத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரத்தில், அதே இடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து, எத்தனை ஆமை, எந்த வகை, நீர்மட்டம் எந்தப் படி என்று ஓராண்டு எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலும் படங்களை ஏற்றலாம். ஆனால் நோட்டுப்புத்தகத்தைக் கைவிட வேண்டாம். ஆமை தென்படாத ஞாயிறுகளையும் தவறாமல் எழுதுங்கள். செயலியில் அவற்றுக்கு இடமில்லை.

கேள்வி: கோடை மழைக்கு மறுநாள் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சோப்பு நுரையை அப்பியதுபோல் ஒரு வெள்ளைக் கட்டி ஒட்டியிருக்கிறது. கழுவிவிடலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கழுவ வேண்டாம். அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை சுரக்கும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் கடைந்து கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டைகளை வைத்திருக்கிறது. வெளிப்புறம் காய்ந்து ஏடுபோல் இறுகினாலும் உள்ளே ஈரம் இருக்கும். சில நாட்களில் நுரையின் அடிப்பகுதி இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும். மாலையில் தொட்டி அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம். குடிநீர்த் தொட்டியாக இருந்தால், நுரையை அது ஒட்டியுள்ள பூச்சோடு மெல்லப் பெயர்த்து, நீர் நிரப்பிய ஒரு பழைய அண்டாவின் விளிம்பில், நுரை நீருக்கு மேலே இருக்குமாறு நிழலில் வையுங்கள். குஞ்சுகளுக்கு முன்னங்கால் வெளிவரத் தொடங்கும்போது, அண்டாவுக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வைக்க மறந்துவிடாதீர்கள். வழுவழுப்பான சுவரில் ஏறத் தெரியாத முதல் சில நாட்களில் அவை அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வரும்.